கத்திரிக்காய்க்கு ஓர் ஈரச்சுவர்

கத்திரிக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் நாள்கணக்கில் வைக்கக் கூடாது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் தோலில் குழி விழும். உள்ளே விதை பழுப்பேறும். வெளியே விட்டு வைத்தாலோ, வேலூர் வெயிலில் ஒரே பகலில் தோல் சுருங்கிக் காம்பு வாடிவிடும். பளபளப்புப் போன காயை நேதாஜி மார்க்கெட்டில் யாரும் கையில்கூட எடுப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே காய்க்கு ஒத்துவரும் ஒரு குளுமை இருக்கிறது. செங்கல், மணல், தண்ணீர் இவற்றை மட்டும் வைத்து, மின்சாரம் இல்லாமல் அதை உண்டாக்கலாம். எங்கள் நான்காம் ஆண்டு கட்டடக்கலை வகுப்பில் அதைக் கட்டினோம். கட்டிய விதம், பிறகு பழுது பார்த்த விதம், தண்ணீர் பட்ட பாடு எல்லாம் கீழே இருக்கின்றன.

எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு இதுதான்: சூழலியல், உணவு, சமூகம் மூன்றையும் இணைக்கும் ஒரு கட்டடம். இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் கட்டடக்கலை மாணவர்கள் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்கள் வரைவார்கள்; வெட்டும் இடத்தில் பச்சை தீட்டுவார்கள். பிறகு மொட்டைமாடி மொட்டைமாடியாகச் செடி தொங்கும் ஒரு கோபுரம் எழும்பும். அதற்கு மதிப்பெண்ணும் நன்றாகவே விழும். எங்கள் குழுவுக்கு மட்டும் கை அரித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993-இல் தொடங்கிய ரூரல் ஸ்டுடியோவைப் பற்றி முந்தைய ஆண்டு படித்திருந்தோம். சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் தொடங்கியது அது. அங்கே மாணவர்கள் வரைந்ததோடு நிற்பதில்லை, ஏழை மக்கள் வாழும் ஹேல் வட்டாரத்தில் போய்த் தாங்களே கட்டுகிறார்கள். சொந்தமாக ஒரு பண்ணையும் வைத்திருக்கிறார்கள். அலபாமாவில் முடிந்தது வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டாரத்தில் ஏன் முடியாது என்று கேட்டபடிதான் பஸ் ஏறினோம்.

அந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் முள் கத்திரி. இலவம்பாடியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் விளையும் இந்தக் கத்திரிக்காயின் காம்பிலும் புல்லியிலும் முள் இருக்கும். பறிக்கிறவர்களின் விரலைப் பார்த்தாலே தெரியும். வேலூர் முள் கத்திரி என்ற பெயரில் 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் எண்ணெய்க் கத்திரிக்காயைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாரிடமும் பேச்சுக் கொடுக்கலாம். முள் கத்திரியில் செய்ததா என்று கட்டாயம் கேட்பார்கள். ஆனால் குறியீடு கிடைத்ததால் காய் வாடாமல் இருந்துவிடாது. நாங்கள் போன கிராமத்தில் பெண்கள் பொழுது சாயும் நேரத்தில் பறித்து, இரவெல்லாம் ஈரச் சாக்குக்குள் வைத்து, விடியற்காலை முதல் பஸ்ஸில் வேலூருக்குக் கொண்டுபோகிறார்கள். விலை சரிந்திருக்கும் நாளில் வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். அன்று விற்காமல் அடுத்த நாளுக்கு வைத்திருக்க வழி இருந்தால் பேரம் பேசலாம். வழி இல்லாததால் பேரமும் இல்லை.

முதலில் ஒரு சமூக சமையலறைக்கான வரைபடத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தோம். மகளிர் குழு அக்காக்கள் அதை மரியாதையாகப் பார்த்தார்கள், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சமைக்க எங்கள் வீட்டில் அடுப்பு இருக்கிறது, காயை வைக்கத்தான் இடம் இல்லை என்றார் ஓர் அக்கா. அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் பாடத்திட்டம் மாறிவிட்டது.

தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுசாந்த ராய், குர்டியா என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1980-களில் உருவாக்கிய குளிர்ப்பெட்டி ஒன்று உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு செங்கல் சுவர்கள், நடுவே ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி, அதில் மணல். மணலில் தண்ணீர் ஊற்றினால் அது செங்கல் வழியாகக் கசிந்து வெளிச்சுவரில் ஆவியாகும். ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கோடையில் வெளியைவிட உள்ளே பத்து முதல் பதினைந்து டிகிரி வரை குறையும், ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி நிற்கும் என்று அவர்கள் காட்டினார்கள். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுப்பது 334 கிலோஜூல்தான். அதாவது, சுவரிலிருந்து ஆவியாகிப் போகும் ஒவ்வொரு லிட்டரும் ஏழு கிலோ ஐஸ் செய்யும் வேலையைச் செய்கிறது. ஐஸ் பெட்டிக்குச் செலவு செய்யும் மீன்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கள் வகுப்பிலேயே பலர் நம்பவில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. காற்று வறண்டிருந்தால்தான் இது நடக்கும். வேலூர் ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரி அடிக்கும்போது காற்றின் ஈரப்பதம் முப்பது சதவீதமாக இருந்தால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி இருபத்தாறை ஒட்டிக் காட்டும். அதுதான் இந்தப் பெட்டி இறங்கக்கூடிய எல்லை. கடலோர ஊர்களில் இவ்வளவு இறங்காது. வெயிலுக்குப் பெயர் வாங்கிய வடாற்காட்டுக்கு இந்த ஒரு விஷயத்தில் வெயிலே கைகொடுக்கிறது.

இடம் தேர்ந்ததைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் சமூகம் என்பது ஒரே ஒரு வட்டம். தரையில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் சாலை. மகளிர் குழுக்கள் இரண்டு இடத்திலும் இருந்தன. ஊருக்குள் மாரியம்மன் கோயிலை ஒட்டி நல்ல நிழலும் காற்றும் இருந்தன. அங்கே கட்டினால் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள். யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் வரமாட்டார்கள். காலனியில் சமுதாயக் கூடத்தின் பின்னால் இடம் இருந்தது. அங்கே கட்டினால் ஊர்ப் பெண்கள் வரமாட்டார்கள். கடைசியில் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய புறம்போக்கில், ஒரு புங்க மரத்தடி கிடைத்தது. இரண்டு பக்கத்தாரும் விடியற்காலையில் காய்க்கூடையோடு வந்து நிற்கும் இடம் அது ஒன்றுதான். காற்றோட்டம் கோயிலடி அளவுக்கு இல்லை. பரவாயில்லை என்று முடிவு செய்தோம். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு இடத்தைக் கொடுத்தார்கள். எங்கள் ஆசிரியை ஒருவர், நீங்கள் படிப்பில் இதுவரை எடுத்த முடிவுகளிலேயே கட்டடக்கலை அதிகம் உள்ள முடிவு இதுதான் என்றார். அப்போது அது பாராட்டா, எங்கள் பழைய வரைபடங்களின் மீதான விமர்சனமா என்று புரியவில்லை.

இடம் முடிவானபின் உயரம். 2021 நவம்பரில் பாலாறும் அதில் சேரும் ஆறுகளும் கரைபுரண்டபோது ஓடைத் தண்ணீர் பஸ் நிறுத்தம் வரை ஏறி நின்றதாம். முழங்காலுக்குக் கீழே ஒரு அளவை ஓர் ஆயா தன் காலிலேயே தொட்டுக் காட்டினார். ஆகவே பெட்டியைத் தூக்கிக் கட்ட வேண்டும். ஆனால் தூக்கிக் கட்டினால், பதினைந்து கிலோ காய் உள்ள கிரேட்டை மார்புயரத்துக்குத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். எங்களிடம் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு இடுப்புவலி. கல்லூரிக் கையேட்டில் உள்ள உடல் அளவுகள் இவர்களுக்குப் பொருந்தவில்லை. நாங்களே டேப் பிடித்து அளந்தோம். பெரும்பாலோருக்குத் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் விளிம்பு போனால் தோள்பட்டையில் சுமை விழுகிறது.

வெள்ளம் மேலே போ என்றது, இடுப்பு கீழே வா என்றது. இரண்டையும் தீர்த்தது திண்ணை. நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் கருங்கல்லில் ஓர் அகலமான திண்ணையைக் கட்டி, அதன்மேல் பதினைந்து சென்டிமீட்டர் பீடம், அதன்மேல் பெட்டி. பெண்கள் திண்ணையில் ஏறி நின்றால் விளிம்பு எண்பத்திரண்டரையில் வந்துவிடுகிறது. திண்ணையின் மற்ற மூன்று பக்கமும் உட்காரவும், காய் தரம் பிரிக்கவும், பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் ஆயிற்று. பெட்டியைவிட அதிகம் பேர் பயன்படுத்துவது இப்போது அந்தத் திண்ணையைத்தான். அதில் பாதிப் பேருக்குக் கத்திரிக்காயோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பெட்டியின் உள்ளளவு 130 சென்டிமீட்டர் நீளம், 65 அகலம், 67.5 உயரம். அறுபதுக்கு நாற்பது கிரேட் மூன்று பக்கம் பக்கமாக, அதன்மேல் மூன்று. மொத்தம் ஆறு கிரேட், தொண்ணூறு கிலோ அளவுக்குக் காய். பதினொரு சென்டிமீட்டர் தடிமனுள்ள அரைக்கல் சுவர் இரண்டு, நடுவில் மணல் என்று சேர்த்தால் வெளியளவு 189-க்கு 124. இந்த 130 என்ற எண்ணை மறக்க வேண்டாம், பின்னால் வேலைக்கு வருகிறது.

செங்கல் வாங்கப் போனபோதுதான் மேஸ்திரி அண்ணாவுக்கும் எங்களுக்கும் முதல் வாக்குவாதம். அவர் முப்பது ஆண்டு அனுபவக்காரர். நன்கு வெந்த, தட்டினால் மணியோசை வரும் கல்லைப் பொறுக்கி வைத்தார். எங்களுக்கு வேண்டியதோ தண்ணீர் குடிக்கும் கல். வாளியில் போட்டால் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நன்கு வெந்த கல்லும், இயந்திரத்தில் வெட்டிய கல்லும், சாம்பல் கல்லும் அவ்வளவாகக் குடிப்பதில்லை. கட்டடத்துக்குச் செங்கல் தன் எடையில் இருபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இழுக்கக் கூடாது என்பது தர விதி. நாங்கள் அந்த இருபதை ஒட்டிய கல்லைத் தேடினோம். பாப்பா, நான் ஒதுக்கித் தள்ளும் கல்லைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்றார். சரிதான். ஆனால் முழுக்க வேகாத கல் ஈரத்தில் கரைந்துபோகும், அதையும் அவர்தான் கண்டுபிடித்து நீக்கினார். சுரண்டினால் நகத்தில் மாவு ஒட்டாத, ஆனால் குமிழி விடும் கல் என்று ஒரு நடுநிலைக்கு வந்தோம். இரண்டு சுவர்களுக்கும் சேர்த்து நானூறு கல்லுக்குள் முடிந்தது.

கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய, செங்கல்லை விளிம்பில் நிறுத்திக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் நடுவே தானாகவே ஓர் இடைவெளி விழுமே, அதையே மணல் நிரப்பப் பயன்படுத்தலாமே என்று குழுவில் ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குறுக்குக் கல் வந்து இடைவெளியைச் சிறு அறைகளாகத் துண்டாக்கிவிடும். மணல் ஒரே தொடர்ச்சியாக இருந்தால்தான் மேலே ஊற்றும் தண்ணீர் எல்லாப் பக்கமும் பரவும், மணல் இறங்கும்போது மேலிருந்து நிரப்பவும் முடியும். ஆகவே இரண்டு தனித்தனிச் சுவர்கள்.

மணல். ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி சுற்றிவர ஒன்பது கன அடி மணல்தான் கேட்டது. நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சிறிய அளவுக்கு ஆற்று மணல் கொண்டுவந்து கொடுக்க ஓர் ஆள் தயாராகவே இருந்தார், எங்கிருந்து என்று கேட்காமல் இருந்தால். நாங்கள் வேண்டாம் என்றோம். வடாற்காட்டில் பாலாறு எப்போதும் மேலே ஓடியதைவிட மணலுக்கு அடியில் ஓடியதுதான் அதிகம். ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டி, மணலுக்குள் இருக்கும் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பிப் பாசனம் செய்த ஊர்கள் இவை. மணல் போனால் தண்ணீர் தங்க இடமில்லை. பல ஊர்களில் ஊற்றுக்கால்கள் தூர்ந்து பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மணலில் தண்ணீரைச் சேமித்துக் காயைக் காப்பாற்றும் ஒரு பெட்டிக்கு, அந்த ஆற்றின் மணலையே அள்ளுவது எங்களுக்கு ஒப்பவில்லை.

கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டை எடுத்தோம். அதில் உள்ள கல்தூள்தான் தொல்லை. தண்ணீர் பட்டால் சேறாகிச் செங்கல்லின் துளைகளை அடைத்துவிடும். ஆகவே கழுவ வேண்டும். பெரிய இரும்புச் சட்டியில் போட்டுக் கலக்கி, கலங்கல் தண்ணீரை வடித்து, தெளிவாக வரும்வரை மறுபடி கலக்க வேண்டும். இதற்குச் செலவான தண்ணீரைப் பார்த்து ஆயா ஒருவர் திட்டத் தொடங்கிவிட்டார். கலங்கல் தண்ணீரைத் திண்ணைக் கருங்கல் கட்டுக்கு நீராற்றப் பயன்படுத்தினோம். திட்டு பாதியாகக் குறைந்தது. சல்லடையில் தூள் போக்கிய சற்றுப் பருமனான மணலே நல்லது. மிக நைசான மணல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் பரவவிடாது.

சுவர் எழுந்தது. தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து எங்கள் கையாலேயே நான்கு வரிசை கட்டினோம். ஐந்தாவது வரிசையிலிருந்து மேஸ்திரி எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். கலவையை ஒன்றுக்கு எட்டு என்று மெலிதாகவே போட்டோம், வலுவான சாந்து தண்ணீர்ப் பாதையை அடைக்கும் என்பதால். அடுத்தது பூச்சு. பூசாத சுவரை விட்டுப் போக அவர் மனம் ஒப்பவே இல்லை. அவருக்கு அது முற்றுப்பெறாத வேலை, தன் பெயரில் நிற்கப்போகும் முற்றுப்பெறாத வேலை. இது அவருடைய பிடிவாதம் என்று நினைத்தால் தவறு. இந்தப் பகுதியில் பூசாத செங்கல் வீடு என்றால் பணம் போதாமல் நின்றுபோன வீடு என்றுதான் பொருள். கட்டடக்கலைப் பள்ளிகளில் செங்கல்லை அப்படியே காட்டுவதை நேர்மை என்கிறார்கள். அந்த நேர்மையைக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்களிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு சமரசம் செய்தோம். சுவரில் பூச்சு இல்லை. திண்ணையின் முகப்புக்குச் சுண்ணாம்புப் பூச்சு, விளிம்புக்குக் கடப்பாக் கல். சுவரின் சாந்து இணைப்புகளைக் கோடு கீறி அழகாக முடித்தார். அதற்குப் பிறகு வேலை முடிந்தது என்று அவரே சொன்னார்.

அந்த நேரத்தில்தான் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்துவிடலாமே என்ற யோசனை வந்தது. காய் கலந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். யாருடைய காய் யாருடைய காயோடு கலந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. உபதேசம் செய்யப் போனால் வேலையே நின்றுவிடும். மேஸ்திரி டேப்பை எடுத்தார். உள்ளே 130 இருக்கிறது, நாற்பது நாற்பதாக மூன்று கிரேட் போக மிச்சம் பத்து, தடுப்புக்கு அரைக்கல் பதினொன்று வேண்டும், தடுப்பு வைத்தால் மூன்றாவது கிரேட் இறங்காது, ஆறில் இரண்டு போய்விடும், யாருக்கு இரண்டு குறைக்கட்டும் என்று கேட்டார். யாரும் குறைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. பேச்சு முடிந்தது. கிரேட்டுகளின் பிடியில் ஆளுக்கொரு நிறத்தில் துணி கட்டிக்கொண்டார்கள். மூடி ஒன்றுதான், குழாய் ஒன்றுதான்.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. மூங்கில் சட்டத்தில் இரட்டைச் சாக்கு தைத்து, நடுவில் வெட்டிவேர் வைத்தோம். ஒரே மூடியாகச் செய்தால் ஈரத்தில் கனத்து ஒருவரால் தூக்க முடியாது. இரண்டாகப் பிளந்து கீல் போட்டோம். வெட்டிவேர் வாசனை கத்திரிக்காயில் ஏறுகிறது என்று ஒரு புகார் வந்தது. வியாபாரிக்குப் பிடித்திருக்கிறது என்று மறுபுகாரும் வந்தது. பெட்டிக்கு மேலே நான்கு கம்பத்தில் பனையோலைக் கூரை. வெயில் நேரடியாகப் பட்டால் மொத்த உழைப்பும் வீண் என்பதால் தெற்கிலும் மேற்கிலும் ஓலையை நன்றாக இறக்கிவிட்டோம்.

ஈரமும் நிழலும் குளுமையும் மனிதர்களுக்கு மட்டும் பிடிப்பதில்லை. முதலில் தவளைகள் வந்தன. தவளை வந்தால் பின்னால் என்ன வரும் என்று கிராமத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்கள் கையை உள்ளே விடப் பயந்தார்கள். மூடி உட்காரும் விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி இடைவெளியை அடைத்தோம். கீழே தண்ணீர் வெளியேறும் துளைக்கு நெருக்கமான இரும்பு வலை. பீடத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கூர்ஜல்லி கொட்டினோம். எலி ஒன்று சாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தது. சாக்குக்குக் கீழே கோழிக்கூண்டு வலை அடித்த பிறகு அதுவும் நின்றது. விடியற்காலையில் திறக்கும்போது பார்க்க வசதியாகக் கூரையில் ஒரு சூரிய விளக்கு போட்டுக் கொடுத்தது ஊராட்சி.

முதல் நனைப்புக்குச் சுவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. வெளிச்சுவர் அடி முதல் முடி வரை கருத்து ஈரம் காட்டும்வரை ஊற்ற வேண்டும். அதற்கு முன் காய் வைத்தால் பயனில்லை. அதன்பின் கோடையில் காலையில் இரண்டு குடம், பிற்பகலில் இரண்டு குடம் போதுமாக இருந்தது. நண்பகலில் வெளியே முப்பத்தெட்டு, நாற்பது காட்டும் நாள்களில் உள்ளே இருபத்தெட்டைச் சுற்றி நின்றது. தில்லி அறிவியலாளர்கள் காட்டிய பதினைந்து டிகிரி எங்களுக்குக் கிடைக்கவில்லை. கோயிலடியின் காற்று இருந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி இறங்கியிருக்கலாம். ஆனால் காய் மூன்றாம் நாளும் பளபளப்பு மாறாமல் இருந்தது. ஒரு நாள் விலை பிடிக்காமல் திருப்பிக் கொண்டுவந்து வைத்து, அடுத்த நாள் கொண்டுபோய் விற்றார் ஓர் அக்கா. வெப்பமானி சொன்னதைவிட அது எங்களுக்கு நல்ல அளவீடு.

இனி தண்ணீர். நான்கு குடம் என்பது வரைபடத்தில் ஒரு நீல அம்புக்குறி. நிஜத்தில் அதை யாரோ சுமக்க வேண்டும், அது பெண்ணாகத்தான் இருக்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஒரு குழாய் இழுத்தோம். இடைவெளி மணலின் மேல் சொட்டுநீர்க் குழாயைச் சுற்றிவிட்டு, உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்தோம். திருகைத் திறந்து வைத்தால் தானாகச் சொட்டும். யார் திறப்பது என்பதற்குச் சிலேட்டில் பெயர் எழுதி வைத்தார்கள். கிரேட் வைக்கிறவர் அன்று திறக்க வேண்டும்.

ஆனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கோடை முடிவதற்குள் வெளிச்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. பார்க்க வெள்ளையடித்ததுபோல் அழகாகத்தான் இருந்தது; துளைகள் அடைபட்டதால் சுவர் ஆவிவிடுவது குறைந்தது. தண்ணீர் அதே அளவு போகிறது, குளுமை வரவில்லை என்றால் உப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். தேங்காய் நாரால் உலர்ந்த சுவரைத் தேய்த்து உப்பைக் கொட்டவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் கழுவினோம். ஈரச்சுவரில் தேய்த்தால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். இந்த மாவட்டத்தில் தண்ணீரின் உப்பைப் பற்றிப் பேசும்போது பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பேசாமல் இருக்க முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்துகிறவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் நிலைநிறுத்தியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். எங்கள் கிராமம் ஆலைகளுக்கு அருகில் இல்லை. இங்கே உப்புக்குக் காரணம் பாறையும் ஆழமும்தான். ஆனாலும் வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் யாராவது இதைக் கட்ட நினைத்தால் முதலில் தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் செங்கல் வாங்க வேண்டும்.

தீர்வு பஸ் நிறுத்தத்தின் கான்கிரீட் கூரையில் கிடைத்தது. மழைநீரைக் குழாயில் இறக்கி, முதல் மழையை வெளியே விட்டு, மீதியை மூடிய தொட்டியில் சேர்த்தோம். கோடை மழை ஒன்றிரண்டு பெய்தாலே தொட்டி நிறையும். அந்தத் தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து விடுகிறோம். முழுக் கோடைக்கும் போதாது; உப்புப் பூப்பதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். அடியில் கசியும் மிச்சத் தண்ணீரைக் கூர்ஜல்லி வாய்க்கால் வழியாக ஒரு சிறு பாத்திக்கு விட்டோம். அங்கே புதினா வாடிப்போனது, பொன்னாங்கண்ணி பிழைத்துக்கொண்டது. எந்தக் கீரை உப்பைத் தாங்கும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர் திட்டிய அதே ஆயா. பாத்திக்கு வெளியே ஒரு வாழை தானாக வந்துவிட்டது. அதை யார் வைத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

பயன்படுத்துகிறவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட விதிகள் சில. வெங்காயமும் பூண்டும் உள்ளே போகக் கூடாது. அவற்றுக்கு வறட்சி வேண்டும், ஈரத்தில் முளைத்துவிடும். பழுத்த மாம்பழத்தையோ வாழைப்பழத்தையோ கீரையோடு வைக்கக் கூடாது. பழம் விடும் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும். காயைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் அழுகும், துடைத்து வைக்க வேண்டும். சொத்தைக் காய் ஒன்று இருந்தால் கிரேட்டே போகும். முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவு மல்லிகை வைப்பவர்களுக்கு முதல் உரிமை. இந்தக் கடைசி விதியால் பூக்கட்டும் பெண்களுக்கும் கத்திரிக்காய்ப் பெண்களுக்கும் அவ்வப்போது சண்டை வருகிறது. அதைத் தீர்க்க இன்னொரு பெட்டிதான் வழி.

கல்லூரி நடுவர் குழு பதினைந்து நிமிடம் பார்த்தது. வடிவத்தில் புதுமை போதவில்லை என்றார்கள். தேர்ச்சி பெற்றோம்.

ஐப்பசி, கார்த்திகையில் பெட்டி ஓய்வெடுக்கிறது. முப்பது டிகிரியில் ஈரப்பதம் எண்பத்தைந்து சதவீதம் என்றால் ஈரத்துணி வெப்பமானி இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும். அதற்காகத் தண்ணீர் ஊற்றுவது வீண், பூஞ்சைதான் வரும். அந்த மாதங்களில் மூடியை நீக்கிவிட்டுச் சுவரை உலரவிடுகிறார்கள். இறங்கிப்போன மணலை நான்கு விரல் அளவுக்கு மேலே நிரப்புவதும், சாக்கு மாற்றுவதும், வலையில் துருப்பிடித்த இடத்தைத் தைப்பதும் அப்போதுதான். இந்த ஆண்டு ஜூனியர் மாணவர்கள் இரண்டாவது பெட்டிக்கு அளவெடுத்திருக்கிறார்கள். பூவுக்கு என்பதால் உயரம் பாதி போதும், கிரேட்டுக்குப் பதில் மூங்கில் தட்டு. மேஸ்திரி அண்ணா இந்தமுறை சூளைக்குப் போய், குமிழி விடும் கல்லாகப் பொறுக்கித் தனியே அடுக்கி வைத்திருக்கிறார்.